எண்ணெய் வற்றிய விளக்கு

நான் எழுத்தாளன் அல்லன். பத்தாம் வகுப்பு வரை தில்லித் தமிழ்ப் பள்ளியொன்றில் படித்து, தந்தையார் காலமான பின் அவர் பணியாற்றிய ரயில்வேயிலேயே கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானவன். கோப்பின் ஓரத்தில் ‘பார்வைக்கு’, ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று குறிப்பெழுதிப் பழகிய கை இது. “உமக்கு நேர்ந்ததை எழுதும், நம் வீடுகளில் பலருக்கு அது நேர்ந்துகொண்டுதான் இருக்கிறது, பெயர் மட்டும் தெரியவில்லை” என்று நம் இதழின் ஆசிரியர் வற்புறுத்தியதால் எழுதத் துணிந்தேன். பிழையிருப்பின் நேயர்கள் பொறுத்தருள்க.

ஜங்புராவில் பாராபுல்லா நாலாவின் கரையில் இருந்த மதராசி கேம்ப்பை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டுவதில்லை. நம்மவருள் பலர் தில்லிக்கு வந்து முதன்முதலில் தலைசாய்த்த இடம் அது. நம் பெண்மணிகள் ஜங்புரா, நிஜாமுதீன் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். மழைக்காலத்தில் நாலா பொங்கினால் கட்டிலின்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்போம். இரவில் நிஜாமுதீன் நிலையத்து வண்டிகளின் ஊதல் கேட்கும். “நம்ம ஊர் வண்டி போகுது” என்று அம்மா சொல்லுவார். எந்த வண்டி ஊதினாலும் அப்படித்தான் சொல்லுவார். ரயில்வேக்காரன் நான் திருத்தியதில்லை.

அந்த இடம் இன்று இல்லை. நாலாவின் ஓட்டத்துக்குக் குடியிருப்பு தடையாயிருக்கிறது என்ற வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2025 மே மாதம் ஆணை பிறப்பித்தது. ஜூன் 1ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இயந்திரங்கள் வந்தன. மொத்தம் 370 வீடுகள். அவற்றுள் முதற் கணக்கில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவை எனத் தேறின. பிறகு எண்ணிக்கை சற்றுக் கூடிற்று. தகுதி பெற்றோருக்கு நகரின் வடகோடியான நரேலாவில் அடுக்குமாடி வீடு. தகுதி பெறாதோர் வாடகைக்கோ, உறவினர் வீட்டுக்கோ, ஊருக்கோ போனார்கள். ஊர் திரும்ப விரும்புவோர்க்கு உதவுவதாகத் தமிழ்நாட்டு அரசு அப்போது அறிவித்தது.

இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. நான் சொல்ல வந்தது செய்தித்தாளில் வராத ஒன்று.

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்ட நாள்முதல் எங்கள் சந்தில் எல்லாருக்கும் நான்தான் எழுத்தன். இந்தியும் ஓரளவு ஆங்கிலமும் எழுதத் தெரிந்தவன்; அதிலும் சர்க்கார் உத்தியோகஸ்தன்! ‘2015 ஜனவரி முதல் தேதிக்கு முன்னிருந்தே இங்கே வசிக்கிறேன்’ என்று காட்ட வேண்டும். அதற்கு வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, மின்சாரச் சீட்டு, பள்ளிச் சான்று என்று காகிதங்கள். ஒருவர் பெயர் ஒரு காகிதத்தில் ‘முருகேசன்’ என்றும் மற்றொன்றில் ‘முர்கேஷ்’ என்றும் இருக்கும். இந்திக்காரர் எழுதிய நம் பெயர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அது வேறொரு நாளைக்கு. மாலை ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு வந்தால் வாசலில் பத்துப் பேர் காத்திருப்பார்கள். யாரிடமும் நான் முடியாது என்று சொன்னதில்லை. “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பேன். அதைச் சொல்லும்போது எனக்கே ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கோடி வீட்டுப் பெரியம்மாவிடமும் அப்படியே சொன்னேன். உறவுமுறையில் பெரியம்மா அல்லர். ஆனால் அம்மா வேலைக்குப் போன நாள்களில் எனக்குச் சோறு போட்டவர். தனிக்கட்டை. இடையில் சில ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது யாரோ யோசனை சொல்ல, வாக்காளர் அட்டையை ஊர் முகவரிக்கு மாற்றிவிட்டார். அந்த ஒரு மாற்றத்தில் தில்லியில் அவர் வாழ்ந்த முப்பது ஆண்டுகளும் காகிதத்திலிருந்து அழிந்துபோயின. மூன்று மனுக்கள் எழுதினேன். இரண்டு அலுவலகங்களுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. என் அம்மாவின் பெயர் வந்தது.

நிஜாமுதீன் நிலையத்தில் வண்டியேற்றிவிட்ட அன்று பெரியம்மா என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. “உடம்பப் பாத்துக்கடா” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நரேலாவுக்குக் குடிபோன பின் என் நாள் இவ்வாறாயிற்று: காலை நாலே கால் மணிக்கு எழுவேன். ஐந்துக்கு மகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டு, நரேலா நிலையத்தில் மின்தொடர் வண்டி பிடித்துப் புதுதில்லி. அங்கிருந்து அவளைப் பள்ளியில் விட்டு அலுவலகம். திரும்ப வீடு சேர இரவு எட்டரை. சாப்பிட்ட பிறகு மறுபடியும் காகிதங்கள். விடுபட்டுப்போனவர்கள் தொலைபேசியில் அழைத்துக்கொண்டேயிருந்தார்கள். படுக்கும்போது பன்னிரண்டைத் தாண்டிவிடும்.

முதலில் களைப்பு என்றே எண்ணினேன். களைப்பு தூங்கினால் போகும். இது தூங்கினாலும் போகவில்லை. ஞாயிறு முழுவதும் படுத்துக் கிடந்தாலும் திங்கட்கிழமை காலை உடம்பில் ஈயம் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் ருசி பேதம் தெரியவில்லை. தொலைபேசி மணியடித்தால் வயிறு கலங்கிற்று. ஒருவருடைய விடுப்பை இரண்டு முறை கணக்கில் கழித்துவிட்டேன். பதினெட்டு ஆண்டில் அப்படி நேர்ந்ததில்லை. இவற்றிலும் மோசமான ஒன்று, மெல்ல வந்ததால் நான் கவனியாதது: மனிதர்கள்மீது எனக்கிருந்த பரிவு வற்றிப்போயிற்று. மனுவோடு வருகிறவர் யாராயினும், ‘இவனும் ஒரு பொய்யன்’ என்று மனத்துக்குள் ஒரு குரல் கேட்கும். சகஊழியர்களோடு அவர்களைப் பற்றி நையாண்டி பேசினேன்.

மனைவிதான் முதலில் சொன்னாள். “நீங்க வீட்டுலதான் இருக்கீங்க, ஆனா இல்லை” என்றாள். தத்துவம் பேசாதே என்று எரிந்துவிழுந்தேன்.

2025 ஆகஸ்டில் ஒரு நாள், பணியிலிருக்கையில் இறந்துபோன ஒரு கேங்மேனின் மனைவி குடும்ப ஓய்வூதியக் காகிதங்களுடன் என் மேசைக்கு வந்தார். அது அவருடைய மூன்றாம் வருகை. கணவனும் மனைவியுமாக எடுத்த புகைப்படம் அன்றும் இல்லை. “எத்தனை முறை சொல்வது? நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைப்போ?” என்று இந்தியில் கத்திவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் காகிதங்களை ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு போனார்.

2006இல் என் அம்மா அப்படித்தான் ஓர் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, அப்படியொரு மேசையின் முன் நின்றார். அருகே நின்றவன் நான். அன்று எங்களிடம் கத்திய குமாஸ்தாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இப்போது அது என் முகம்.

கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். கை நடுங்கிற்று, அழுகை வரவில்லை. அழுகை வராததுதான் என்னை அச்சுறுத்தியது.

அன்று இரவு ஒன்றரை மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து 14416 என்ற எண்ணை அழைத்தேன். ‘டெலி மானஸ்’ என்று பெயர். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் உண்டு. தமிழையும் தேர்ந்துகொள்ளலாம் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. நான் இருபது ஆண்டுகளாக இந்தியில் சண்டை போடுகிறேன், பேரம் பேசுகிறேன், மேலதிகாரியிடம் கெஞ்சுகிறேன். ஆனால் ‘நெஞ்சு கனக்கிறது’ என்பதை அம்மொழியில் சொல்லிப் பார்த்தால் அது மார்பு நோவாகிவிடுகிறது. மறுமுனையில் ஒரு பெண்குரல், “சொல்லுங்க அண்ணா” என்றதும் அதுவரை வராத அழுகை வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டார். இல்லை என்றேன். அவ்வாறாயின் இன்றிரவு தூங்கப் பாருங்கள், இந்த வாரத்துக்குள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நேரில் காட்டுங்கள் என்றார்.

மருத்துவமனைக்குப் போவதற்குள் எனக்கும் என் மானத்துக்கும் நான்கு நாள் போராட்டம். ‘பைத்தியக்கார வைத்தியம்’ என்று நம் சனங்கள் சொல்லிவந்த சொல் எளிதில் காதை விட்டுப் போவதில்லை. அரசு மருத்துவ நிலையங்களில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. அங்கே சொல்வதை இரகசியமாகக் காப்பது அவர்கள் கடமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டப்பிரிவைப் படித்தால் தைரியம் வருகிற பிறவி நான். போனேன்.

மருத்துவர் முதலில் இரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும், இரத்தசோகை வந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே சோர்வு வருமாம். எனக்கு பி12 குறைந்திருந்தது, மற்றவை சரி. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: “இப்பொழுது உங்களுக்கு ஓர் ஆசை நிறைவேறும் என்றால் என்ன கேட்பீர்கள்?” யோசியாமல் சொன்னேன்: “பத்து நாள் படுக்கையில் கிடக்கும்படி ஏதாவது ஒரு நோய் வந்தால் நன்றாயிருக்கும். யாரும் கூப்பிடமாட்டார்கள்.” சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட ஆசை என்பது விளங்கிற்று. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

‘பர்ன்அவுட்’ என்றார். எரிந்து தீர்தல் என்று சொல்லலாம். எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகுவதை நம் பெண்மணிகள் நன்கு அறிவார்கள். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. இச்சொல்லை மருத்துவ எழுத்தில் வழங்கச் செய்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவகம் ஒன்றில், பகலெல்லாம் சொந்தத் தொழில் செய்துவிட்டு மாலையில் தொண்டு செய்து, தாமே கருகிப்போய், 1974இல் அதைப்பற்றி எழுதினார். இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது. சோம்பேறிக்கு வருவதன்று இது; கதவைத் தட்டியவர்க்கெல்லாம் திறந்தவனுக்கு வருவது. அவருக்குப் பின் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அம்மையார் இதை அளக்கும் வினாத்தாள் ஒன்றை 1981இல் வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலைத் திருத்தியமைத்தபோது இதற்கு மூன்று அடையாளங்கள் கூறியது: சக்தி முற்றிலும் வடிந்துபோதல், வேலையினின்றும் மனம் விலகிக் கசந்துபோதல், செய்யும் வேலையில் திறன் குன்றுதல். ஆனால் இது நோய் அன்று, தொழில் சார்ந்த நிலை என்றும், வாழ்க்கையின் பிற துறைகளுக்கு இப்பெயரை இடலாகாது என்றும் அந்நிறுவனம் வரையறுத்திருக்கிறது. என் வழக்கில் எது தொழில், எது பிற துறை? அலுவலகத்திலும் மனு, வீட்டு வாசலிலும் மனு. மருத்துவர் சிரித்து, “பெயர் எனக்கு வேண்டும், உங்களுக்குச் சிகிச்சை வேண்டும்” என்றார். எதிலுமே இன்பமின்மை, காரணமில்லாக் குற்றவுணர்வு, சாவைப்பற்றிய நினைவு இவை வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். அதற்கு மருந்து வேண்டியிருக்கலாம், தாமதம் கூடாது என்றும் எச்சரித்தார். எனக்குப் பி12 ஊசியும், மூன்று வார மருத்துவ விடுப்பும், வாரம் ஒருமுறை உளவியலாளரைக் காணும்படி ஒரு சீட்டும் கிடைத்தன.

விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரார் விடுப்பையெல்லாம் கணக்கெழுதுகிற என் பெயரில் இருநூறு நாளுக்குமேல் ஊதிய விடுப்பு சேர்ந்து கிடந்தது. முந்நூறுக்குமேல் சேராது. அதை ஏதோ சொத்துப்போல் காத்துவந்தேன். இரவல் நகையைப் பூட்டி வைத்தாற்போல!

உளவியலாளர் இளவயதுப் பெண்மணி; இந்தி பேசுபவர். மந்திரம் எதுவும் இல்லை. முதல் நாள் ஒரு தாளில் இருபத்துநான்கு கோடு போட்டு, ஒரு நாள் எப்படிச் செலவாகிறது என்று நிரப்பச் சொன்னார். தூக்கம் நாலேகால் மணி. மகளோடு பேசும் நேரம் என்று எழுத ஒன்றும் இல்லை. அவளோடு தினமும் இரண்டு மணி நேரம் பயணம் செய்கிறேன், ஆனால் அவள் என் தோளில் தூங்குகிறாள், நான் தொலைபேசியில் மனு படிக்கிறேன். கோடு போட்ட தாளின்முன் குமாஸ்தா பொய் சொல்ல முடியாது. அடுத்த வாரம்முதல் நாளுக்கொரு வரி: என்ன செய்தேன், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், பெரிய வேலை செய்த நாள்களில் மதிப்பெண் குறையவில்லை. இரவு ஒன்பதுக்குமேல் தொலைபேசி எடுத்த நாள்களில்தான் குறைந்திருந்தது.

நான்காம் முறை பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். “அவர் வீடு போனதற்கு நான்தான் பொறுப்பு” என்றேன். எவ்வளவு பொறுப்பு என்று கேட்டார். முழுவதும் என்றேன். ஒரு வட்டம் வரைந்தார். என் பெயரைக் கடைசியில் எழுதலாம், முதலில் மற்றவற்றுக்கெல்லாம் பங்கு கொடுங்கள் என்றார். நாலாவுக்குப் பங்கு, நீதிமன்ற ஆணைக்குப் பங்கு, தகுதித் தேதியை வகுத்த விதிக்கு, கணக்கெடுப்புக்கு, அட்டையை மாற்றச் சொன்ன புண்ணியவானுக்கு, மாற்றிய பெரியம்மாவுக்கும் சிறிது. ஒவ்வொன்றாக வட்டத்தை வெட்டிக்கொண்டே வந்தபோது என் பெயருக்கு எஞ்சியது பென்சில் முனையளவு. அதையும் என்ன எழுதி நிரப்புவதென்று தெரியவில்லை. “அப்படியானால் இது குற்றம் அன்று, துக்கம்” என்றார் அவர். குற்றத்துக்குப் பரிகாரம் தேடி ஓடலாம். துக்கத்தை உட்கார்ந்து பட்டுத்தான் தீரவேண்டும். பெரியம்மாவின் சோற்றுக்கு, அம்மாவின் ரயில் ஊதலுக்கு, நாங்கள் பிறந்து வளர்ந்த சந்துக்கு நான் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

பின்னர் ‘முடியாது’ என்று சொல்லும் பயிற்சி. அவர் அண்டை வீட்டாராக நடிப்பார். நான் மறுக்க வேண்டும். இந்தியில் எளிதாக மறுத்தேன். “இதையே தமிழில் சொல்லுங்கள், எனக்குப் புரியாவிட்டால் என்ன” என்றார். நாக்கு எழவில்லை. அண்ணே என்றும் அக்கா என்றும் தொடங்கும் வாக்கியத்தை முடியாது என்று முடிப்பது எங்ஙனம்? இரண்டு வாரம் யோசித்து ஒரு வழி கண்டோம். மறுக்க வேண்டாம், நேரம் குறிப்போம். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அந்த இரண்டு மணி நேரம் யார் வேண்டுமானாலும் வரலாம். மற்ற நேரத்தில் தொலைபேசி அலமாரியில். நரேலாவிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இரு பிள்ளைகளுக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்தேன். என்னைவிட வேகமாக எழுதுகிறார்கள். அதில் எனக்குச் சிறிது மனத்தாங்கலும் உண்டு என்று சொல்லி வைக்கிறேன்.

நேராக ஏறிய பாதை அன்று இது. அக்டோபரில் ‘குணமாகிவிட்டது’ என்று நானே தீர்ப்பளித்து இரண்டு வாரம் போகாமல் இருந்தேன்; பழைய ஈயம் திரும்ப வந்தது. அலுவலகத்தில் ஒருவர் என் காதுபட ஒரு சொல் சொன்னார். பயண தூரம் ஒரு மைலும் குறையவில்லை. சிகிச்சையால் நரேலாவை ஜங்புராவுக்கு அருகில் கொண்டுவர முடியாது. இதை ஏன் சொல்கிறேனென்றால், மனத்தைச் சரிசெய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுவாரும் உளர். வீடும் பேருந்தும் வேலையும் வேண்டியவர்களுக்கு அவையே வேண்டும். ஆனால் அவற்றுக்காக மன்றாடுவதற்கும் ஓர் ஆள் உருப்படியாக நிற்க வேண்டும் அல்லவா?

மஞ்சள் உறை அம்மாள் செப்டம்பரில் மீண்டும் வந்தார். எழுந்து நின்று, அன்று நான் கத்தியது தவறு என்றேன். அவர் பதிலொன்றும் சொல்லவில்லை. புகைப்படம் கொண்டுவந்திருந்தார், ஏதோ திருவிழாவில் எடுத்தது, மங்கலாயிருந்தது. கோப்பை நானே கையில் எடுத்துக்கொண்டு மூன்று மேசை நடந்தேன்.

இப்பொழுது காலை வண்டியில் மகளும் நானும் பேசிக்கொண்டு வருகிறோம். தூங்குகிற நாளும் உண்டு. பத்துக்கு எத்தனை என்று அவளே என்னைக் கேட்கிறாள். நேற்று ஆறு என்றேன். “போன வியாழக்கிழமை ஏழு சொன்னீங்களே அப்பா” என்று கணக்குக் கேட்டாள்.

சென்ற வியாழன் இரவு எட்டே முக்காலுக்குப் பெரியம்மா ஊரிலிருந்து அழைத்தார். முதியோர் உதவித்தொகைக்கு ஏதோ காகிதம் கேட்கிறார்களாம். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுங்க பெரியம்மா, உக்காந்து பேசுவோம்” என்றேன்.

“சரிடா, அதுக்கென்ன அவசரம்” என்றார். “நீ சாப்பிட்டியா?”